மின் தொடரமைப்பு நெரிசல் மேலாண்மை

மின் தொடரமைப்பு நெரிசல் மேலாண்மை என்பது, உயரழுத்த மின்பாதைகளும் மின்மாற்றிகளும் அவற்றின் பாதுகாப்பான எல்லையை மீறிச் சுமை ஏற்காதவாறு மின் உற்பத்தி, மின் வணிகம், மின்பாய்வு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பணிகளின் தொகுப்பு ஆகும். உற்பத்தி, செலுத்தல், பகிர்மானம் ஆகிய மூன்றும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, மின்சாரம் சந்தையில் வாங்கி விற்கப்படும் ஒழுங்குமுறை தளர்த்தப்பட்ட மின் அமைப்புகளில் இது ஒரு முதன்மையான சிக்கலாகக் கருதப்படுகிறது. மலிவான மின்சாரம் ஓரிடத்தில் இருந்தும், அதைத் தேவையுள்ள இடத்துக்குக் கொண்டு செல்லும் பாதையில் இடமில்லாத நிலையே நெரிசல் எனப்படுகிறது. அந்நிலையில் யாருக்குப் பாதை கிடைக்கும், யார் குறைத்துக்கொள்ள வேண்டும், அதனால் எழும் கூடுதல் செலவை யார் ஏற்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே இத்துறையின் நோக்கம்.

இந்தியாவில் இச்சிக்கலை மிக நீண்ட காலம் எதிர்கொண்டது தென் மண்டலம் ஆகும். குறிப்பாக 2008 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் தமிழ்நாடு சந்தித்த மின்வெட்டுக்கு, உற்பத்திக் குறைவுடன் வட மாநிலங்களிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் பாதைகளின் போதாமையும் ஒரு காரணமாக இருந்தது.

பின்னணி

முன்னர் பெரும்பாலான நாடுகளில் ஒரே நிறுவனமே மின்சாரத்தை உற்பத்தி செய்து, செலுத்தி, பகிர்ந்தளித்தது. தமிழ்நாட்டில் 1957 ஜூலை 1 அன்று அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார வாரியம் அத்தகைய ஒருங்கிணைந்த அமைப்பாகும். இவ்வகை அமைப்பில் ஒரு மின்பாதை நிரம்பினால், அதே நிறுவனம் ஒரு நிலையத்தின் உற்பத்தியைக் குறைத்து வேறொரு நிலையத்தின் உற்பத்தியைக் கூட்டிவிடும். கூடுதல் செலவு பொதுக் கணக்கில் கலந்துவிடுவதால் நெரிசலின் விலை வெளியே தெரிவதில்லை.

1980களிலிருந்து இந்நிலை மாறத் தொடங்கியது. சிலி 1982இலும், பிரித்தானியா 1990இலும் மின்துறையைப் பிரித்துச் சந்தை முறையைக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 888ஆம் எண் ஆணை, மின் தொடரமைப்பை வைத்திருக்கும் நிறுவனங்கள் பிறருக்கும் பாகுபாடின்றி வழிவிட வேண்டும் என்றது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதே கொள்கையைத் திறந்த அணுகல் என்ற பெயரில் சட்டமாக்கியது. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பர் 1 முதல், தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம் எனப் பிரிக்கப்பட்டது. முதலாவது கழகம் 2024இல் மீண்டும் பிரிக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் தனி நிறுவனங்களாயின.

உற்பத்தியாளரும் வாங்குபவரும் வெவ்வேறு நிறுவனங்கள் ஆனபின், நெரிசலைத் தீர்க்க ஒருவரது உற்பத்தியைக் குறைப்பது அவரது வருமானத்தைக் குறைப்பதாகிறது. ஆகவே குறைப்பதற்கான விதியும் விலையும் முன்கூட்டியே வெளிப்படையாக வரையறுக்கப்பட வேண்டியுள்ளது.

நெரிசல் ஏற்படும் விதம்

சாலையில் செல்லும் சரக்குந்து எந்த வழியில் போக வேண்டும் என்பதை ஓட்டுநர் முடிவு செய்யலாம். மாறுமின்னோட்ட வலையமைப்பில் மின்சாரத்துக்கு அவ்வாறு வழி சொல்ல இயலாது. மின்பாய்வு கிர்க்காஃபின் விதிகளின்படி, கிடைக்கும் எல்லாப் பாதைகளிலும் அவற்றின் மின்மறுப்புக்கு ஏற்பப் பிரிந்து செல்கிறது. அ என்பவர் ஆ என்பவருக்கு மின்சாரம் விற்பதாக ஒப்பந்தம் செய்தால், அந்த மின்சாரத்தின் ஒரு பகுதி இவ்விருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாம் ஊரின் மின்பாதையிலும் பாயும். ஒப்பந்தப் பாதையும் இயற்பியல் பாதையும் வேறுவேறாக இருப்பதே நெரிசல் மேலாண்மையைக் கடினமாக்குகிறது.

ஒரு மின்பாதையின் எல்லை மூன்று வகைகளில் அமையலாம்.

1. வெப்ப எல்லை: மின்னோட்டம் கூடும்போது கம்பி சூடாகி நீள்கிறது. நீண்ட கம்பி தொய்ந்து தரைக்கும் மரங்களுக்கும் அருகில் வரும். கோடை நண்பகலில் இவ்வெல்லை குறைகிறது.

2. மின்னழுத்த எல்லை: நீண்ட பாதையில் அதிகத் திறன் செல்லும்போது மறுமுனையில் மின்னழுத்தம் ஏற்கத்தக்க அளவுக்குக் கீழே சரியலாம்.

3. நிலைப்பு எல்லை: இரு முனைகளுக்கு இடையிலான கட்டக்கோணம் மிகுந்தால், சிறு இடையூறிலும் மின்னாக்கிகள் ஒத்தியக்கத்தை இழக்கலாம்.

குறுகிய பாதைகளை முதல் எல்லையும், நீண்ட பாதைகளை மற்ற இரண்டும் கட்டுப்படுத்துகின்றன. இதனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மின்சாரம் அனுப்ப முடிவதில்லை. நீண்ட பாதைகளுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் இயல்புச் சுமை, இரட்டைக் கம்பிக் கற்றை கொண்ட 400 கிலோவோல்ட் பாதைக்கு ஏறத்தாழ 500 மெகாவாட்டும், நான்கு கம்பிக் கற்றை கொண்ட 765 கிலோவோல்ட் பாதைக்கு ஏறத்தாழ 2,200 மெகாவாட்டும் ஆகும். மின்னழுத்தம் இரு மடங்கானால் இயல்புச் சுமை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

இவற்றுடன் ஓர் உறுப்பு இழப்பு விதியும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஏதேனும் ஒரு பாதையோ மின்மாற்றியோ திடீரென்று துண்டிக்கப்பட்டாலும் எஞ்சியவை அதன் சுமையைத் தாங்க வேண்டும் என்பதே இவ்விதி. ஆகவே இணையான இரு பாதைகளும் பாதி நிரம்பியிருக்கும்போதே அந்தத் தடம் நிரம்பிவிட்டதாக மின் பளு பகிர்வு மையம் அறிவிக்க நேரலாம். வெளியிலிருந்து பார்ப்போருக்குக் காலியாகத் தோன்றும் இவ்விடம் உண்மையில் காப்பு இடமாகும்.

எடுத்துக்காட்டு: மூன்று முனை வலையமைப்பு

நெரிசலின் விளைவை விளக்க விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களை முக்கோணமாக இணைக்கும் ஒரு கற்பனை வலையமைப்பை எடுத்துக்கொள்ளலாம். கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. அவ்வூர்களின் உண்மையான மின் அமைப்பைக் குறிப்பவை அல்ல. மூன்று மின்பாதைகளும் ஒரே மின்மறுப்பு உடையவை என்றும், மின் இழப்பு இல்லை என்றும் கொள்வோம்.

- விழுப்புரத்தில் ஒரு யூனிட் ரூ. 3க்கு உற்பத்தி செய்யும் நிலையம் உள்ளது.
- புதுச்சேரியில் ஒரு யூனிட் ரூ. 6க்கு உற்பத்தி செய்யும் நிலையம் உள்ளது.
- திண்டிவனத்தில் 300 மெகாவாட் தேவை உள்ளது.
- விழுப்புரம் - திண்டிவனம் நேர்ப்பாதையின் எல்லை 160 மெகாவாட். மற்றப் பாதைகளுக்கு எல்லை இல்லை.

எல்லை இல்லாதிருந்தால் 300 மெகாவாட்டையும் விழுப்புரமே வழங்கும். ஒரு மணி நேரத்துக்கு 3 இலட்சம் யூனிட், செலவு ரூ. 9 இலட்சம். ஆனால் நேர்ப்பாதையை விடப் புதுச்சேரி வழியான சுற்றுப்பாதையின் மின்மறுப்பு இரு மடங்கு என்பதால், மூன்றில் இரு பங்கு, அதாவது 200 மெகாவாட், நேர்ப்பாதையில் செல்லும். எஞ்சிய 100 மெகாவாட் சுற்றுப்பாதையில் செல்லும். நேர்ப்பாதையின் எல்லை 160 மட்டுமே. மீறல் 40 மெகாவாட்.

விழுப்புரத்தில் 40 மெகாவாட்டைக் குறைத்துப் புதுச்சேரியில் 40 மெகாவாட்டைக் கூட்டினால் போதும் என்று தோன்றலாம். அது போதாது. புதுச்சேரியில் உற்பத்தியாகும் மின்சாரத்திலும் மூன்றில் ஒரு பங்கு விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு அதே நேர்ப்பாதை வழியாகத் திண்டிவனத்தை அடைகிறது. ஆகவே ஒவ்வொரு மெகாவாட் இடமாற்றமும் நேர்ப்பாதையின் சுமையை மூன்றில் ஒரு பங்கு மெகாவாட் மட்டுமே குறைக்கும். 40 மெகாவாட் மீறலைத் தீர்க்க 120 மெகாவாட்டை மாற்ற வேண்டும்.

விழுப்புரம் 180 மெகாவாட்டும் புதுச்சேரி 120 மெகாவாட்டும் உற்பத்தி செய்தால், நேர்ப்பாதையில் 120 + 40 = 160 மெகாவாட் பாயும். ஒரு மணி நேரச் செலவு ரூ. 5.4 இலட்சம் + ரூ. 7.2 இலட்சம் = ரூ. 12.6 இலட்சம். எல்லையற்ற நிலையை விடக் கூடுதலாகும் ரூ. 3.6 இலட்சமே நெரிசலின் செலவு எனப்படுகிறது.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து மற்றொரு வியப்பான முடிவும் கிடைக்கிறது. திண்டிவனத்தின் தேவை மேலும் ஒரு மெகாவாட் கூடினால், நேர்ப்பாதையின் சுமை கூடாதிருக்கப் புதுச்சேரியில் 2 மெகாவாட்டைக் கூட்டி விழுப்புரத்தில் 1 மெகாவாட்டைக் குறைக்க வேண்டும். அதன் செலவு 2 × 6 - 3 = யூனிட்டுக்கு ரூ. 9. எந்த நிலையமும் ரூ. 6க்கு மேல் கேட்காதபோதும் திண்டிவனத்தின் இறுதிநிலை விலை ரூ. 9 ஆகிறது. இதுவே முனைவாரி விலை எனப்படுகிறது. திண்டிவனத்து நுகர்வோர் இவ்விலையைச் செலுத்தினால் வசூல் ரூ. 27 இலட்சம், நிலையங்களுக்குச் சேர்வது ரூ. 12.6 இலட்சம். மீதமாகும் ரூ. 14.4 இலட்சம் நெரிசல் உபரி ஆகும். இவ்வுபரி யாருக்குச் சேர வேண்டும் என்பது ஒவ்வொரு சந்தையின் விதிகளிலும் முக்கியமான கூறு.

கடத்தும் திறன் கணக்கீடு

இரு பகுதிகளுக்கு இடையே எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்பது முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிடப்படுகிறது. மேலே கூறிய எல்லைகள் எதையும் மீறாமல் அனுப்பத்தக்க உச்ச அளவு மொத்தக் கடத்தும் திறன் எனப்படும். தேவை மதிப்பீட்டுப் பிழை, எதிர்பாராத துண்டிப்பு போன்றவற்றுக்காக அதிலிருந்து நம்பகக் காப்பளவு கழிக்கப்படும். எஞ்சுவது கிடைக்கும் கடத்தும் திறன். அதிலிருந்து நீண்டகால, நடுத்தரகால ஒப்பந்தங்களுக்கு ஒதுக்கியது போக மீதமுள்ள இடமே குறுகியகால வணிகத்துக்குக் கிடைக்கிறது.

இந்த எண்கள் நிலையானவை அல்ல. பராமரிப்புக்காக ஒரு பாதை நிறுத்தப்பட்டாலோ, ஒரு பெரிய மின் நிலையம் பழுதுபட்டாலோ, பருவம் மாறினாலோ அவை திருத்தப்படுகின்றன.

மேலாண்மை முறைகள்

தொழில்நுட்ப முறைகள்: கட்டக்கோணத்தை மாற்றும் மின்மாற்றிகள், தொடர் மின்தேக்கிகள், மின்னணுத் திறன் சாதனங்கள் ஆகியவற்றால் நிரம்பிய பாதையிலிருந்து வேறு பாதைக்கு மின்பாய்வைத் திருப்பலாம். உயரழுத்த நேர்மின்னோட்டப் பாதைகளில் பாயும் திறனை இயக்குநரே நிர்ணயிக்கலாம் என்பதால் அவை நெரிசல் மேலாண்மையில் தனி மதிப்புடையவை. பழைய கம்பிகளை மாற்றி, அதிக வெப்பத்திலும் குறைவாகத் தொய்யும் கம்பிகளை அதே கோபுரங்களில் பொருத்துவதும் உண்டு.

முன்னுரிமை முறைகள்: முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் வழங்குதல், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தல், ஒப்பந்தக் காலத்தின் அடிப்படையில் குறைத்தல் ஆகியன இவ்வகை. இவை எளிமையானவை. ஆனால் பாதையை யார் அதிகம் மதிக்கிறார் என்பதைக் கருதுவதில்லை.

மறு ஒதுக்கீடும் எதிர்வணிகமும்: சந்தை ஒரே விலையில் முடிந்தபின், இயக்குநர் சில நிலையங்களைக் குறைக்கவும் சிலவற்றைக் கூட்டவும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்கிறார். அச்செலவு எல்லா நுகர்வோருக்கும் பகிரப்படுகிறது. பிரித்தானியாவில் இம்முறை பின்பற்றப்படுகிறது.

மண்டல விலை முறை: நெரிசல் ஏற்படும் இடத்தில் சந்தை இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பகுதிக்கும் தனி விலை காணப்படுகிறது. நோர்டிக் நாடுகளில் வளர்ந்த இம்முறை இந்தியாவின் மின் சந்தைகளுக்கும் அடிப்படையாகும்.

முனைவாரி விலை முறை: ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் தனி விலை கணக்கிடப்படுகிறது. ஃபிரெட் ஷ்வெப்பி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களில் உருவாக்கிய கோட்பாட்டை, அமெரிக்காவின் பிஜேஎம் அமைப்பு 1998இல் நடைமுறைப்படுத்தியது. மண்டல முறையில் தொடங்கிய கலிபோர்னியா 2009இலும், டெக்சாஸ் 2010இலும் இம்முறைக்கு மாறின. மண்டலத்துக்கு உள்ளேயே ஏற்படும் நெரிசலை மண்டல விலை காட்டாததே இம்மாற்றத்துக்கு முக்கியக் காரணம்.

நிதிசார் செலுத்து உரிமைகள்: இரு முனைகளுக்கு இடையிலான விலை வேறுபாட்டைப் பெறும் உரிமை முன்கூட்டியே விற்கப்படுகிறது. இதை வாங்கியவர் நெரிசலால் ஏற்படும் விலை ஏற்றத்திலிருந்து காக்கப்படுகிறார். மேற்கூறிய நெரிசல் உபரி இவ்வுரிமையாளர்களுக்கு வழங்கப்படுகிறது.

இந்தியாவில் நெரிசல் மேலாண்மை

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் திறந்த அணுகலுக்கான விதிமுறைகளை வெளியிட்டு, 2008இல் குறுகியகால அணுகலுக்கான விதிமுறைகளை மாற்றியமைத்தது. 2008 ஜூன் 27 அன்று இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் என்னும் முதல் மின் சந்தை செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பவர் எக்ஸ்சேஞ்ச் இந்தியா தொடங்கியது.

இச்சந்தைகளில் நாடு பல ஏலப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தென் மண்டலத்தில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகியவை எஸ்-1 பகுதியிலும், தமிழ்நாடு எஸ்-2 பகுதியிலும், கேரளம் எஸ்-3 பகுதியிலும் அடங்கும். முதலில் நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கொண்டு விலை காணப்படும். அவ்விலையில் எழும் மின்பாய்வு கிடைக்கும் இடத்தை மீறினால் சந்தை பிளக்கப்படும். பற்றாக்குறைப் பகுதியில் விலை உயரும். உபரிப் பகுதியில் விலை இறங்கும். இவ்வேறுபாட்டால் திரளும் தொகை எந்த வணிகருக்கும் சேராமல் மின் அமைப்பு மேம்பாட்டு நிதியத்துக்குச் செல்கிறது. இந்நிதியம் குறித்த விதிமுறைகள் 2010இல் வெளியிடப்பட்டன. மின்பாதைகளை வலுப்படுத்துதல், பாதுகாப்புச் சாதனங்களைப் புதுப்பித்தல் போன்ற பணிகளுக்கு இதிலிருந்து உதவி வழங்கப்படுகிறது.

சந்தை முடிந்தபின் நிகழ்நேரத்தில் எழும் நெரிசலுக்கு 2009இல் தனி விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின்படி, நெரிசலான தடத்தின் இறங்குமுகப் பகுதியில் அட்டவணையை மீறி மின்சாரம் எடுப்பவரும், ஏறுமுகப் பகுதியில் அட்டவணையை மீறி மின்சாரம் செலுத்துபவரும் நெரிசல் கட்டணம் செலுத்த வேண்டும். நெரிசலைக் குறைக்கும் திசையில் விலகுபவர் அக்கட்டணத்தைப் பெறுவார்.

ஒப்பந்தங்களைக் குறைக்க நேர்ந்தால் முதலில் குறுகியகால ஒப்பந்தங்களும், பின்னர் நடுத்தரகால, நீண்டகால ஒப்பந்தங்களும் குறைக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2023 அக்டோபர் 1 முதல் பொது வலையமைப்பு அணுகல் முறை நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ், எந்த நிலையத்திலிருந்து வாங்குவது என்று முன்கூட்டியே குறிப்பிடாமல், ஒரு மாநிலம் மொத்தமாக எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவு வழங்கப்படுகிறது. தற்காலிக அணுகல் பெற்றவர்களின் அளவே முதலில் குறைக்கப்படும்.

தென் மண்டலமும் தமிழ்நாடும்

2013 இறுதி வரை தென் மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்தியக்கத்தில் இணைக்கப்படவில்லை. 1,000 மெகாவாட் திறனுள்ள பத்ராவதி இணைப்பு, மொத்தம் 1,000 மெகாவாட் திறனுள்ள காஜுவாக்கா இணைப்பு, ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் 2,500 மெகாவாட் பாதை ஆகிய நேர்மின்னோட்ட இணைப்புகளே முதன்மை வாயில்களாக இருந்தன. இவற்றில் தால்ச்சேர் - கோலார் பாதை பெரும்பாலும் தால்ச்சேர் இரண்டாம் கட்ட அனல் மின் நிலையத்தில் தென் மாநிலங்களுக்கு உரிய பங்கைக் கொண்டுவரவே பயன்பட்டது. சந்தையில் வாங்கும் மின்சாரத்துக்கு எஞ்சிய இடம் மிகக் குறைவு.

இதன் விளைவு 2012இல் வெளிப்படையாகத் தெரிந்தது. மாநிலத்தில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவிய அவ்வாண்டில், டெல்லி அரசு வேண்டாமென ஒப்படைக்க முன்வந்த 1,721 மெகாவாட் மின்சாரத்தைத் தமிழ்நாட்டுக்கு வழங்குமாறு மாநில அரசு மத்திய அரசைக் கோரியது. தென் மண்டலத்துக்கான மின்பாதைகளில் இடமில்லை என்பது மத்திய அரசின் பதிலாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாங்குவோர், விற்போர், மின்சாரம் ஆகிய மூன்றும் இருந்தும் பாதை இல்லாததால் வணிகம் நிகழாமல் போனதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. சந்தையிலும் தென் பகுதிகளின் விலை நாட்டின் பிற பகுதிகளை விடப் பல மடங்கு உயர்ந்த நாட்கள் இருந்தன.

இதே பிரிவு மற்றொரு வகையில் தென் மண்டலத்தைக் காத்தது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் ஏற்பட்ட பெரும் மின்தடை, மிகைச்சுமையில் இருந்த பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டதிலிருந்து தொடங்கியது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் இருளில் மூழ்கின. நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்த தென் மண்டலத்துக்கு அச்சரிவு பரவவில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென் மண்டலம் தேசிய மின்தொகுப்புடன் ஒத்தியக்கத்தில் இணைந்தது. இணைந்த உடனேயே நெரிசல் நீங்கிவிடவில்லை. மாறுமின்னோட்டப் பாதையில் பாய்வைக் கட்டுப்படுத்த இயலாததால், தொடக்கத்தில் அப்பாதையின் திறனில் ஒரு பகுதியே வணிகத்துக்கு விடப்பட்டது. பின்னர் நரேந்திரா - கோலாப்பூர், வார்தா - நிசாமாபாத் - ஐதராபாத், அங்குல் - ஸ்ரீகாகுளம் - வேமகிரி ஆகிய 765 கிலோவோல்ட் தடங்கள் அமைந்தபின் விலை வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது. சத்தீசுகரின் ராய்கர் முதல் தமிழ்நாட்டின் புகளூர் வரையிலான ±800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதை 2020-21இல் இயக்கத்துக்கு வந்தது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் பாதை 2021இல் தொடங்கி வைக்கப்பட்டது.

மாநிலத்துக்கு உள்ளே நெரிசல்

தமிழ்நாட்டின் மின் உற்பத்தியும் நுகர்வும் வெவ்வேறு திசைகளில் அமைந்துள்ளன. காற்றாலைகள் முப்பந்தல், கயத்தாறு உள்ளிட்ட தென் பகுதிகளிலும், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய மேற்குப் பகுதிகளிலும் மிகுதி. கூடங்குளம் அணுமின் நிலையமும் தூத்துக்குடி அனல்மின் நிலையங்களும் தெற்கில் உள்ளன. சென்னையும் அதைச் சூழ்ந்த தொழிற்பகுதிகளும் வடகோடியில் உள்ளன. ஆகவே மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் மின்பாய்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மிகுகிறது. காற்றில்லாத மாதங்களில் வெளி மாநில மின்சாரத்தின் பங்கு கூடுகிறது.

விழுப்புரமும் திண்டிவனமும் இவ்வடக்கு - தெற்கு ஓட்டத்தின் நடுவில் உள்ளன. 1962இல் முதல் மின்னாக்கி இயக்கப்பட்ட நெய்வேலி, இவ்வூர்களுக்குத் தெற்கே உள்ளது. நெய்வேலியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் உயரழுத்தப் பாதைகள் இந்நிலப்பகுதியின் வழியே செல்கின்றன. நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் முழுவதும் தமிழ்நாட்டுக்கு உரியதாக இருந்து 2020இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் அமைக்கப்பட்டது. 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையத்தின் மின்சாரம் தென் மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. இவ்வாறு நெல், கரும்பு, மணிலா விளையும் வயல்களின் மேல் செல்லும் கம்பிகளில் பாயும் திறன், அவ்வயல்களின் இறவைப் பம்புகளின் தேவையை மட்டுமன்றிச் சென்னையின் தேவையையும், கயத்தாற்றின் காற்றையும், கேரளத்தின் ஒப்பந்தத்தையும் ஒருசேரச் சார்ந்துள்ளது.

தமிழ்நாடு முழுவதும் ஒரே ஏலப் பகுதி என்பதால், மாநிலத்துக்குள் ஏற்படும் நெரிசல் சந்தை விலையில் தெரிவதில்லை. அது மின் பளு பகிர்வு மையத்தின் உற்பத்திக் குறைப்பு ஆணையாக வெளிப்படுகிறது. இவ்வாணைகளால் காற்றாலை, சூரிய மின் நிலைய உரிமையாளர்கள் வருவாய் இழப்பதாக நீண்ட காலமாக முறையிட்டு வந்தனர். மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடர்பான வழக்கில், மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்றி வேறு காரணங்களுக்காகச் சூரிய மின்னுற்பத்தியைக் குறைத்தால் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. உண்மையான நெரிசலையும், நெரிசல் என்ற பெயரில் செய்யப்படும் வணிக முடிவையும் பிரித்தறிய வேண்டிய தேவையை இவ்வழக்கு முன்வைத்தது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

நெரிசல் மேலாண்மை முறைகள் இருக்கும் பாதையைப் பங்கிடுபவை. புதிய பாதையை உருவாக்குபவை அல்ல. விலை வேறுபாடு எங்கே பாதை தேவை என்பதைச் சுட்டிக்காட்டினாலும், பாதை அமையப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை உயர்ந்த விலையைப் பற்றாக்குறைப் பகுதியின் நுகர்வோர் ஏற்கின்றனர். நெரிசலான பகுதிக்குள் இருக்கும் சில உற்பத்தியாளர்கள் போட்டியின்றி விலையை உயர்த்த இயலும் என்பதும் ஒரு குறையாகும். 2000-2001 கலிபோர்னிய மின் நெருக்கடியின்போது, அம்மாநிலத்தின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் பதினைந்தாம் தடத்தின் நெரிசல் நிலைமையை மோசமாக்கியது. அத்தடம் 2004இல் விரிவாக்கப்பட்டது.

புதிய பாதை அமைப்பதற்கும் ஒரு விலை உண்டு. கோபுரம் அமையும் இடம் மட்டுமன்றி, கம்பிகளின் கீழுள்ள நிலத்திலும் உயரமான மரம் வளர்க்கவோ கட்டடம் கட்டவோ இயலாது. ராய்கர் - புகளூர் பாதை உள்ளிட்ட திட்டங்களுக்கு எதிராக 2018இல் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்ட உழவர்கள் போராட்டம் நடத்தினர். கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பித் தடத்துக்கு 15 விழுக்காடு வரையும் இழப்பீடு வழங்க 2015ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. 2024இல் இவை முறையே 200 விழுக்காடு, 30 விழுக்காடு என உயர்த்தப்பட்டன. நெரிசலின் செலவை நகர நுகர்வோர் மின் கட்டணத்தில் செலுத்துகின்றனர். நெரிசலை நீக்குவதன் செலவில் ஒரு பகுதியை மின்பாதை செல்லும் ஊர்களின் உழவர்கள் நிலத்தில் செலுத்துகின்றனர். நெரிசலை முற்றிலும் நீக்குமளவுக்குப் பாதைகளை அமைப்பதும் சிக்கனமானதன்று. ஆண்டில் சில மணி நேரம் மட்டுமே ஏற்படும் நெரிசலை மறு ஒதுக்கீட்டால் சமாளிப்பதும், தொடர்ந்து நிலவும் நெரிசலைப் புதிய பாதையால் தீர்ப்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட அணுகுமுறையாகும்.

இவற்றையும் பார்க்க

- மின்சாரச் சட்டம், 2003
- உயரழுத்த நேர்மின்னோட்டம்
- தமிழ்நாடு மின்சார வாரியம்
- நெய்வேலி அனல்மின் நிலையங்கள்
- 2012 இந்திய மின்தடை
- கிர்க்காஃபின் விதிகள்